பழைய லேப்டாப்பிலிருந்து புதியதுக்கு: வெப்சைட் வேலைகளை எந்த வழியில் கொண்டுபோவது?

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வெப்சைட் வேலை செய்து பிழைப்பவன் நான். பண்ருட்டி முந்திரிக் கடை ஒன்று, புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் இல்லம், முதுநகரில் மீன்வலை விற்கும் கடை, ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்று என்று 23 தளங்கள் என் லேப்டாப்பில் இருந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என் பழைய மெஷினின் ப்ராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. சரி, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று புதிது வாங்கிவிட்டேன்.

வாங்குவது அரை நாள் வேலை. இத்தனை தளங்களையும் அவற்றுக்கான செட்டிங்குகளோடு புதிய மெஷினில் உயிரோடு ஓடவைப்பதுதான் பெரிய வேலை. கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். டிஸ்கை அப்படியே குளோன் செய் என்கிறார் ஒருவர். ஃபோல்டரைக் காப்பி செய்தால் போதும் என்கிறார் இன்னொருவர். கோடில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளில் இருந்தால் கவலையே இல்லை என்பார் மூன்றாமவர். இரண்டு வாரம் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு வழியும் எதையோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் வருகிறது. அதனால் எது வேகம், எது சுலபம் என்று பார்ப்பதைவிட, எது எதை விட்டுவிட்டு வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் முடிவு.

வீடு மாறும்போது பீரோவையும் கட்டிலையும் யாரும் மறப்பதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்துதான் மறந்துபோகும். இதிலும் அப்படித்தான். தளத்தின் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். டேட்டாபேஸ் வேறொரு ஃபோல்டரில் இருக்கும். பாஸ்வேர்டு, சாவி, போர்ட் எண், பிஹெச்பி பதிப்பு போன்றவை பத்து இடங்களில் சிதறிக் கிடக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் தளம் வந்ததாக அர்த்தம்.

டிஸ்கை அப்படியே குளோன் செய்வது

குளோன்சில்லா மாதிரி இலவச மென்பொருளால் பழைய டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் புதியதில் பதித்துவிடலாம். எதுவும் விடுபடாது என்பதுதான் இதன் பலம். அதே லேப்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் என்னைப் போல வேறு மெஷினுக்கு மாறுபவருக்கு இது வேண்டாம். நான் தப்பிக்க நினைத்த விண்டோஸ் 10-ம் சேர்ந்தே வந்துவிடும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்த மெஷினின் மதர்போர்டோடு கட்டுண்டது, புதியதில் செல்லாது. பழைய டிரைவர்களும் ஆறு வருஷக் குப்பையும் உபரி.

ஃபோல்டரைக் காப்பி செய்வது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எல்லோரும் செய்வது இதைத்தான், அடிபடுவதும் இதில்தான்.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், அவனும் சின்னச் சின்னத் தளங்கள் செய்கிறான், என்னிடம் கேட்டான்: "அண்ணா, எக்ஸாம்ப் உள்ளே ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டரையும், மைசீக்வல் டேட்டாவில் இருக்கிற ப்ராஜெக்ட் பேரு ஃபோல்டரையும் தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சுதே?"

எக்ஸாம்ப் என்பது லேப்டாப்பிலேயே தளங்களை ஓட்டிப் பார்க்க உதவும் தொகுப்பு, மைசீக்வல் அதிலுள்ள டேட்டாபேஸ். அவ்வளவோடு முடியவில்லை என்பதை நான் போன தடவை மெஷின் மாற்றியபோது கற்றுக்கொண்டேன். அவன் சொன்னதையேதான் செய்தேன். புதிய மெஷினில் டேட்டாபேஸைக் காட்டும் பிஹெச்பிமைஅட்மின் திறந்தால் டேபிள் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. நிம்மதியாக இருந்தது. ஒன்றைக் க்ளிக் செய்தேன். 1932 என்ற எண்ணோடு, இந்த டேபிள் எஞ்சினில் இல்லை என்று பிழை வந்தது. அடுத்ததிலும் அதே பிழை. எல்லாவற்றிலும் அதே பிழை.

காரணம் இதுதான். எக்ஸாம்ப்பில் மைசீக்வல் என்ற பெயருள்ள ஃபோல்டரில் வருவது அதன் வழித்தோன்றலான மரியாடிபி. அது இன்னோடிபி என்ற எஞ்சினில் டேபிள்களை வைக்கிறது. டேபிளின் வடிவமும் தரவும் ப்ராஜெக்ட் பெயருள்ள ஃபோல்டரில் இருந்தாலும், எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு அதற்கு வெளியே, டேட்டா ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. பதிவேடு இல்லாமல் சரக்கை மட்டும் கொண்டுவந்தால் எஞ்சினுக்கு அது கண்ணில் படாது. பெயர் மட்டும் தெரியும்.

பழைய டிஸ்க் கையில் இருந்திருந்தால் அந்த ஒரு கோப்பை எடுத்துவந்து சரிசெய்திருக்கலாம். அதற்குள் பழைய மெஷினை விற்பதற்காக ஃபார்மட் செய்யக் கொடுத்துவிட்டேன். பள்ளியின் ஆண்டுமலருக்காகத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்த அறுபது பக்கங்கள் போயின. இன்னும் சர்வரில் ஏற்றாத வேலை அது. திரும்ப அடித்தேன், பதினோரு நாள் ஆனது. அன்றிலிருந்து டேட்டாபேஸை ஃபோல்டராகக் கொண்டுபோவதில்லை.

ஃபோல்டராகவே கொண்டுபோயாக வேண்டிய நிலை வந்தால், உதாரணமாகப் பழைய மெஷினில் மைசீக்வல் கிளம்பவே மாட்டேன் என்கிறது என்றால், டேட்டா ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். சர்வரை நிறுத்திவிட்டு எடுங்கள். புதிய மெஷினில் அதே பதிப்பைப் போட்டு அதில் வையுங்கள். மற்றபடி டம்ப் எடுப்பதே, அதாவது டேட்டாபேஸை ஒரு கட்டளையால் எழுத்துக் கோப்பாக எழுதி எடுப்பதே, சரியான வழி.

டம்ப் எடுப்பதிலும் நம் மாதிரி தமிழ்த் தளம் செய்பவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. இந்தத் தடவை நானே அதில் காலை வைத்து எடுத்தேன். மைசீக்வல்டம்ப் கட்டளையை பவர்ஷெல்லில் அடித்து, அம்புக்குறி (>) போட்டுக் கோப்பில் சேமித்தேன். பிழை ஏதும் வரவில்லை. இருந்தாலும் பழைய அனுபவத்தால் கோப்பைத் திறந்து "முந்திரி" என்று தேடினேன். ஒரு இடத்தில்கூட இல்லை. முந்திரிக் கடைத் தளத்தில் முந்திரி இல்லை! தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கிரேக்க எழுத்தும் கோடுகளுமாகக் கிடந்தன. விருந்தினர் இல்லத்தின் பிரெஞ்சுப் பக்கங்களிலும் மேலே கோடு போட்ட எழுத்துகள் எல்லாம் சிதைந்திருந்தன.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, வெளிக் கட்டளையின் வெளியீட்டை வேறு குறியாக்கமாக நினைத்துப் படித்து, யூடிஎஃப்-16-ஆக மாற்றி எழுதுகிறது. ஆங்கிலம் மட்டும் உள்ள தளத்தில் இந்தச் சேதம் கண்ணில் படாமலே போகலாம். தமிழில் முழுதும் நாசம். அதே வரியைப் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் அடித்தால் சரியாக வரும். இல்லையென்றால் அம்புக்குறிக்குப் பதிலாக, ரிசல்ட்-ஃபைல் என்ற தெரிவைக் கொடுத்து மைசீக்வல்டம்ப்பையே கோப்பை எழுதச் சொல்லலாம். எந்த வழியில் எடுத்தாலும் டம்ப்பைத் திறந்து, உங்கள் தளத்தில் நிச்சயம் இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு நகருங்கள். பத்து நொடி வேலை.

இன்னொன்று. பழையதில் மைசீக்வல் 8 இருந்து, புதியதில் எக்ஸாம்ப்பின் மரியாடிபி போட்டால், அதில் 0900 என்ற எண் வரும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெயர் தெரியாது என்று இம்போர்ட் நின்றுவிடக்கூடும். இரண்டு பக்கமும் ஒரே வகை, முடிந்தவரை ஒரே பதிப்பு என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

கோப்புகளைப் பொறுத்தவரை காப்பி நன்றாகவே வேலை செய்கிறது. ப்ராஜெக்டுக்குத் தேவையான ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே ப்ராஜெக்டில் பல்லாயிரம் குட்டிக் கோப்புகள் இருக்கும், காப்பி நகரவே நகராது, பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். அதைப் புதிய மெஷினில் என்பிஎம் ஒரே கட்டளையில் திரும்ப இறக்கித் தரும். மற்றவற்றை ஜிப் செய்து கொண்டுபோனால் வேகம். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள்.

கிட் வழி

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது கிட். என் 23 தளங்களில் 14 கிட்டில் இருந்தன. புதிய மெஷினில் கிட்டின் குளோன் கட்டளை (டிஸ்க் குளோன் வேறு) அடித்ததும் வரலாற்றோடு வந்துவிட்டன. இத்தனை வருஷத்தில் எந்த வரியை எப்போது ஏன் மாற்றினேன் என்பதும் கூடவே வருகிறது. காப்பி செய்யும் வழியில், வந்தது முழுசா அரைகுறையா என்று தெரியாது. கிட் அதைச் சரிபார்த்துச் சொல்லும். கிட் ப்ராஜெக்டுகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப்பில் தனியார் ரெப்போவுக்கு (ப்ராஜெக்ட் கிடங்குக்கு) காசும் இல்லை.

கிட் எதை விடுகிறது? நீங்கள் விடச் சொன்னதை எல்லாம் விடுகிறது. பாஸ்வேர்டு இருக்கும் டாட் என்வ் கோப்பு, வேர்ட்பிரஸின் டபிள்யூபி-கான்ஃபிக், அப்லோட்ஸ் ஃபோல்டரின் படங்கள் ஆகியவற்றை நாமேதான் கிட்-இக்னோரில் எழுதிவைத்திருப்போம். சரியாகத்தான் எழுதினோம், பாஸ்வேர்டு கிட்ஹப்புக்குப் போகக்கூடாது. ஆனால் மெஷின் மாறும் நாளில் அவை வராது. டேட்டாபேஸும் வராது. கிட்ஹப்புக்கு அனுப்பாத (புஷ் செய்யாத) கிளைகளும், ஸ்டாஷில் ஒதுக்கிவைத்த வேலையும் வராது.

பழைய மெஷினில் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் நின்று மூன்று பார்க்க வேண்டும். கிட் ஸ்டேட்டஸோடு இக்னோர்டு தெரிவைச் சேர்த்தால் கிட் கண்டுகொள்ளாத கோப்புகளின் பட்டியல் வரும். ஸ்டாஷ் லிஸ்ட் ஒதுக்கிவைத்ததைக் காட்டும். எந்தக் கிளை புஷ் ஆகவில்லை என்பதை வரலாறு காட்டும் லாக் கட்டளை காட்டும். மீன்வலைக் கடைத் தளத்தில் ஜிஎஸ்டி விலைப்பட்டியலுக்காக எழுதிய பாதி வேலை ஒன்று ஸ்டாஷில் நான்கு மாதமாக இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது.

குளோன் ஆனபின் பிஹெச்பிக்கான கம்போசரும், ஜாவாஸ்கிரிப்டுக்கான என்பிஎம்மும் தேவையான நூலகங்களை இறக்கும். பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பும் கிட்டில் இருந்தால்தான் பழைய அதே பதிப்புகள் வரும். பழைய ப்ராஜெக்டில் நோட்-சாஸ் இருந்தால் புதிய நோடில் அது ஏறாது. நோட் பதிப்புகளை மாற்றிக்கொள்ள உதவும் என்விஎம் போட்டுக்கொண்டு பழைய நோட் பதிப்பையும் வைத்துக்கொள்வதுதான் வழி.

சர்வரிலிருந்து திரும்ப இறக்குவது

லைவில் ஓடும் தளம் என்றால், அதையே பேக்கப் எடுத்துப் புதிய மெஷினில் விரித்துவிடலாம். வேர்ட்பிரஸுக்கு அப்டிராஃப்ட்பிளஸ், டூப்ளிகேட்டர் போன்ற ப்ளகின்கள் இதற்கே இருக்கின்றன. ஒரே ஒரு தளம் வைத்திருப்பவருக்கு, குறிப்பாகத் தானே கடை நடத்தித் தானே தளத்தையும் பார்த்துக்கொள்பவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். சர்வரில் இருப்பதுதான் கடைசியாகச் சரியாக ஓடிய வடிவம், அதில் சந்தேகம் இல்லை.

விடுபடுவது, இன்னும் ஏற்றாத வேலை. கூடுதலாக வந்துசேருவது, வாடிக்கையாளர் விவரம். விருந்தினர் இல்லத் தளத்தில் அறை பதிவு செய்தவர்களின் பெயரும் போன் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன. அவற்றை என் லேப்டாப்பில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு தேவையும் இல்லை. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. இறக்கியதும் அந்த டேபிள்களைக் காலிசெய்துவிட்டேன். வேர்ட்பிரஸில் ஓடும் வூகாமர்ஸ் கடை என்றால் மின்னஞ்சல் அனுப்பும் ப்ளகினையும் உடனே நிறுத்துங்கள். லேப்டாப்பில் ஓடும் நகலிலிருந்து நிஜ வாடிக்கையாளருக்கு ஆர்டர் மெயில் போய்விடும்.

கிளவுட் ஃபோல்டர்

ப்ராஜெக்ட் ஃபோல்டரை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ வைத்துவிட்டால் தானாகவே புதிய மெஷினில் வரும் என்பார்கள். ஜிப்பாகவோ டம்ப்பாகவோ ஏற்றிவைக்க நல்ல இடம். ஆனால் வேலை நடக்கும் ஃபோல்டரையே சிங்க்கில் விட்டால், கிட் தன் உள்கோப்புகளை மாற்றும் நேரத்தில் சிங்க்கும் புகுந்து ரெப்போவைக் கெடுத்துவிடும் அபாயம் உண்டு.

நேரத்தையும் பாருங்கள். என்னிடம் மொத்தம் 60 ஜிபி. நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு கிடைத்தால்கூட ஏறுவதற்கு ஆறே முக்கால் மணி நேரம் ஆகும், பிறகு இறங்க வேண்டும். யூஎஸ்பி 3 டிஸ்கில் பெரிய ஜிப்களாகப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிஷம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த வாரம் கையில் இருந்த டிஸ்க் மட்டும்தான் உதவியது. அதே சமயம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் டிஸ்கும் போகும், அப்போது கிளவுடுதான் காப்பாற்றும். கடலோரத்தில் இருப்பவர் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸாம்ப்பே வேண்டுமா?

மெஷின் மாறும்போது சூழலையும் மாற்றிவிடலாமா என்ற யோசனை வரும். எக்ஸாம்ப்புக்கு மாற்றான லாராகான் என் தேர்வு. அந்த ஃபோல்டர் மொத்தத்தையும் வேறு மெஷினுக்குத் தூக்கிப்போகும்படியே கட்டியிருக்கிறார்கள். பிஹெச்பியில் பல பதிப்புகளை வைத்து மாற்றி மாற்றி ஓட்டலாம். இது முக்கியம். பிஹெச்பி 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, ஆனால் பள்ளித் தளம் இன்னும் அதில்தான் ஓடுகிறது. ஈச், கிரியேட்-ஃபங்ஷன் போன்ற பழைய கட்டளைகள் பிஹெச்பி 8-ல் நீக்கப்பட்டதால் நேராகப் புதியதில் போட்டால் வெள்ளைப் பக்கம்தான் வரும். முதலில் பழைய பதிப்பில் ஓடவைத்து, அப்புறம் நிதானமாக மேலே ஏற்ற வேண்டும்.

சூழல் மாறினால் முகவரி மாறும். பழையதில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டு, சாய்கோட்டுக்குப் பின் முந்திரி என்று இருந்தது. லாராகானில் முந்திரி டாட் டெஸ்ட் ஆனது. டம்ப்பை நோட்பேடில் திறந்து தேடி மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல செட்டிங்குகளை எழுத்துகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிகிறது. பழைய முகவரிக்கு 25 எழுத்து என்று பதிவாகியிருக்கும், புதியது 20 எழுத்துதான். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்த செட்டிங்கை அப்படியே ஒதுக்கிவிடும், விட்ஜெட்டும் தீம் அமைப்பும் காணாமல்போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் கையாளும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் இந்த எண்ணையும் சேர்த்துத் திருத்துகிறது.

தளத்தை அதன் சூழலோடு ஒரு பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் பெரிய குழுவுக்கு நல்லது. தனியாளாக முந்திரிக் கடைத் தளம் செய்பவருக்கு அவசியமில்லை. ஏற்கெனவே டாக்கரில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவும்: டேட்டாபேஸ் பெரும்பாலும் வால்யூம் என்ற தனிச் சேமிப்பிடத்தில் இருக்கும், ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் காப்பி செய்தால் அது வராது.

சாவிக்கொத்து

செட்டிங்குகளில் சுலபமானது, நிரல் எழுதும் விஎஸ் கோட். கிட்ஹப் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் சிங்க் போட்டால் எக்ஸ்டென்ஷன், கீ அமைப்பு, ஸ்னிப்பெட் எல்லாம் நிமிஷத்தில் வந்துவிடும். சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் ஃபைல்சில்லாவில் எக்ஸ்போர்ட் மெனு இருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டு போடவில்லை என்றால் அந்தக் கோப்பில் எல்லா சர்வர் பாஸ்வேர்டும் யாரும் எளிதில் பிரித்துப் படிக்கும் வடிவில் இருக்கும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் பழக்கம் இதற்கு வேண்டாம்.

பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியைப் பழையதிலிருந்து எடுத்துவருவதா, புதிதாக உருவாக்குவதா? நான் புதிதாகவே உருவாக்கச் சொல்வேன். 2021 ஆகஸ்டு 13 முதல் கிட்ஹப்பில் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டு செல்லாது, சாவியோ டோக்கனோ வேண்டும். அதனால் பழைய மெஷினில் உள்ளே நுழைய முடிகிறபோதே புதிய சாவியை கிட்ஹப்பிலும் ஒவ்வொரு சர்வரிலும் சேர்த்துவிட வேண்டும். பழையது போன பிறகு என்றால் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எந்த டொமைனுக்கு எந்த சர்வர் என்று மெஷினுக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு எந்த வழியிலும் தானாக வராது, டிஸ்க் குளோனைத் தவிர. மீன்வலைக் கடையை வேறு சர்வருக்கு மாற்றும் வேலை நடுவில் இருந்ததால், அந்த டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பும் ஒரு வரி பழைய மெஷினின் ஹோஸ்ட்ஸில் இருந்தது. புதியதில் அது இல்லை. அரை மணி நேரம் நான் திருத்தியது எல்லாம் பழைய சர்வரில் போய் உட்கார்ந்தது. பிஹெச்பி ஐஎன்ஐயில் நாம் மாற்றிய வரிகள், அப்பாச்சியின் விஹோஸ்ட்ஸ், டாஸ்க் ஷெட்யூலர், வாங்கிய எழுத்துருக்கள் ஆகியவற்றையும் கையால்தான் கொண்டுபோக வேண்டும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும்.

நான் கடைசியில் செய்தது

கிட்டில் இருந்த 14-ஐ குளோன் செய்து, டம்ப்பும் என்வ் கோப்பும் டிஸ்க் வழியாகக் கொண்டுபோனேன். கிட்டில் இல்லாத ஒன்பதில் ஆறை சர்வரிலிருந்து இறக்கி அன்றே கிட்டில் போட்டேன். மூன்றை ஃபோல்டர் காப்பியாகக் கொண்டுவந்தேன். இவை எதற்கும் முன்னால், பழைய டிஸ்க் முழுவதையும் வெளி டிஸ்கில் ஒருமுறை எடுத்துவைத்து, அதைத் தொடவில்லை. ஒரு தளத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு இந்தக் கலப்பு வழியைத்தான் சொல்வேன். அந்தக் கல்லூரிப் பையனிடமும் இதையே சொன்னேன், அவனிடம் நான்கு தளம், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டான்.

பழைய லேப்டாப் ஒரு மாதம் அலமாரியில் இருந்தது. 23 தளங்களிலும் உள்ளே நுழைந்து, ஒரு பக்கத்தைத் திருத்தி, சர்வருக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் அதைத் துடைத்தேன். துடைப்பதற்கு முன்னால் கிட்ஹப் கணக்கிலும் ஒவ்வொரு சர்வரின் அனுமதிப் பட்டியலிலும் இருந்த பழைய மெஷினின் சாவியை நீக்கினேன். உலாவி, ஃபைல்சில்லா, விஎஸ் கோட் மூன்றிலும் கணக்கிலிருந்து வெளியேறினேன். அப்புறம்தான் ரீசெட்டில், எல்லாவற்றையும் நீக்கு, டிரைவையும் சுத்தம் செய் என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். முடிய இரண்டரை மணி நேரம் ஆனது.